இடக்கை உழைக்குதோ, உளையுதோ?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, கரம்பொனில் என் வீட்டுக் குசினியில் நின்று தேத்தண்ணி குடித்தபடியே ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

கையில் இருந்த ஆயுதம் — போன்.

பதற வேண்டாம். மனிதர் உயிரோடுதான் இருக்கிறார். போன கிழமை நேரில் போய் அவரைப் பார்த்து, "இதைப் பற்றி எழுதட்டோ?" என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்கோ. என்ரை பேரை மட்டும் போட்டிடாதேங்கோ… மனிசி திரும்பவும் அழத் தொடங்கீடுவாள்" என்றார்.

ஆகவே அவர் பெயர் இங்கே இல்லை. மற்றப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரை மட்டும் மாற்ற வழியில்லை. இந்தப் பத்திக்கு மேலே படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

கதை என் தங்கையின் மகள் ஜெனிற்றாவிடம் தொடங்குகிறது. மருத்துவபீடத்தில் நாலாம் வருடம். முதல் இரண்டு வருடம் புத்தகத்தோடும் பிணத்தோடும் படித்துவிட்டு, மூன்றாம் வருடத்திலிருந்து வார்ட்டில் உயிருள்ள மனிதர்களிடம் அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் ஒரு சிக்கல். படிப்பு இங்கிலீஷில். நோயாளி தமிழில். அதுவும் எங்கள் தீவுப்பக்கத்துத் தமிழில்!

ஜெனிற்றாவின் வகுப்பில் கொழும்புப் பிள்ளைகள் உண்டு. ஹற்றன், மட்டக்களப்பு, மாத்தறை, குருநாகல் என்று நாடு முழுக்க உண்டு. ஒரு ஹற்றன் பையனிடம் நோயாளி, "தம்பி, ஒரே அந்தரமாக் கிடக்கு" என்றாராம். அந்தரம் என்றால் ஆகாயத்தில் தொங்குவது என்றுதான் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மனப்பிரச்சினை என்று எழுதிவிட்டான். மனிதர் சொன்னது, உடம்பு இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறது என்று.

இன்னொரு பிள்ளையிடம் ஒரு அம்மா, "நேற்று முழுக்கச் சத்தி" என்றிருக்கிறார். பிள்ளை சந்தோஷமாகக் குறித்துக்கொண்டது — நேற்று நல்ல பலத்தோடு இருந்திருக்கிறார்! சத்தி என்றால் எங்களுக்கு வாந்தி என்பதை அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

இப்படிப் பட்டுப் பட்டுத்தான் அவர்கள் ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். பெயர், "சொல் என்ன?" வார்ட்டில் புரியாத சொல் ஒன்று காதில் விழுந்தால் உடனே அங்கே போடலாம். தெரிந்தவர் யாராவது விளக்குவார். கடுமையான விதிகள் உண்டு. நோயாளியின் பெயர் கூடாது. ஊர் கூடாது. கட்டில் நம்பர் கூடாது. படம்… மூச்சே விடக்கூடாது.

நாற்பது பேர். எல்லாரும் பிள்ளைகள். தீவுச் சொல்லுக்கு ஒரு தீவான் தேவைப்பட்டது. "மாமா, நீங்கள் எழுத்தாளர்தானே, நீங்களும் வாங்கோவன்" என்றாள் ஜெனிற்றா.

எழுத்தாளர் என்று சொன்னால் நான் எதற்கும் சம்மதிப்பேன். அன்றிலிருந்து நான் அந்த நாற்பது பேருக்கும் மாமா.

மாமா வேலை எனக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. "நாரி" என்றால் இடுப்பின் பின்பக்கம் என்று எழுதுவேன். "தொய்வு" என்றால் மூச்சிழுப்பு. "அறளை" என்றால் வயது போய் வரும் மாறாட்டம். எழுதிய உடனே ஒவ்வொரு பதிலுக்கும் சின்னச் சின்னச் சிவப்பு இதயங்கள் வந்து ஒட்டும். இருபது வருடமாகப் பத்தி எழுதுகிறேன். உங்களில் ஒருவராவது எனக்கு இதயம் போட்டிருக்கிறீர்களா?

ஆனால் அந்தக் குரூப்பில் என்னை வாய் பிளக்க வைத்தது சொற்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம்.

ஞாயிறு பின்னேரம் அவர்கள் அங்கே ஒரு காரியம் செய்கிறார்கள். அந்தக் கிழமை தான் விட்ட பிழையை, விட்டவரே தன் கையால் எழுத வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "பாவசங்கீர்த்தனம்" — கத்தோலிக்கர் நாங்கள் சுவாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற சடங்கு. வைத்தது ஜெனிற்றாவாகத்தான் இருக்கும். இந்துப் பிள்ளைகளும் பௌத்தப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இப்போது அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஒருவன் எழுதுகிறான்: "பத்து நிமிடம் நெஞ்சுச் சத்தம் கேட்டேன். எல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்னேன். ஸ்டெதஸ்கோப்பின் காதுப் பக்கம் என் கழுத்தில் இருந்தது."

இன்னொருத்தி: "பெரிய டொக்டர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாது. தெரிந்தமாதிரிச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியது நோகவில்லை. நோயாளி நான் சொன்னதை நம்பிக்கொண்டு என்னையே பார்த்தார். அதுதான் நொந்தது."

ஒரு ஞாயிறு ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "என் முதல் நோயாளி இன்றைக்கு இறந்துபோனார். நான் பிழை ஒன்றும் விடவில்லை. ஆனாலும் இங்கே எழுத வேண்டும்போல இருக்கு."

அதற்குக் கீழே யாரும் ஆறுதல் சொல்லவில்லை. தத்துவம் பேசவில்லை. ஆளுக்கு ஒரு புள்ளி போட்டார்கள். வெறும் முற்றுப்புள்ளி. வாசித்தேன், இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தமாம். ஒன்றன்கீழ் ஒன்றாக முப்பத்தொன்பது புள்ளிகள். நான் அதைப் பார்த்துக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டேன். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள்! எங்கே கற்றார்கள் இதை? காலை ஏழு மணியிலிருந்து வார்ட்டில் நின்று, கால் வீங்கி, எல்லாரும் பார்க்க ஏச்சு வாங்கி, சாப்பாட்டை மறந்து… அதற்குப் பிறகும் தன் பிழையைத் தானே எடுத்து வெளியில் வைக்கிறார்கள். நான் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது கலியாணத்துக்கு முதல்நாள். அதுவும் சுவாமியார் விடாப்பிடியாய் நின்றதால்.

இனிச் சந்துனி.

சந்துனி மாத்தறைப் பிள்ளை. சிங்களம். யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வரும்வரை அவளுக்குத் தமிழில் "வணக்கம்" மட்டும்தான் தெரியும். இப்போது நோயாளியோடு தனியாக இருந்து கதைக்கிறாள். ஆனால் ல, ள, ழ மூன்றும் அவளுக்குப் பெரிய தலையிடி. வார்ட்டில் ஒரு ஐயாவிடம், "வாலைப்பலம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, வார்ட் முழுக்கச் சிரித்ததாம். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். பிறகு எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. "மாமா, என்னைத் திருத்துவீங்களா?"

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவளிடமிருந்து ஒரு வொயிஸ் நோட் வரும். கல், கள், கழுவு. பல், பள்ளம், பழம். புலி, புளி, புழு. நான் கேட்டுப் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போடுவேன். நாலு, ஐந்து, சில நாள் ஆறு. ஏழுக்கு மேலே போட்டதில்லை. வாத்தியார் வேஷம் கட்டினால் கை தானாகவே கஞ்சமாகிவிடுகிறது.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

ஜெனிற்றா, சந்துனி, கொழும்பில் வளர்ந்த பிரணவன் என்ற தமிழ்ப் பையன் — இந்த மூன்று பேரும் பயிற்சிக்காக எங்கள் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை நின்றார்கள். பொறுப்பு வைத்தியர் ஒரே ஒரு அம்மா. வெளியில் பெரிய வரிசை. பிள்ளைகள் நோயாளியிடம் முதலில் விபரம் கேட்டு எழுதி, வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பத்தரை மணிக்குப் பிரணவன் குரூப்பில் ஒரு கேள்வி போட்டான்.

"மீன்பிடிக்கிற ஐயா ஒருவர். வலை இழுக்கிறவர். 'இடக்கை உழைக்குது' என்று சொல்கிறார். பூசுகிற மருந்து கேட்கிறார், படகுக்கு அவசரப்படுகிறார். இடக்கை உழைக்குது என்றால் என்ன மாமா?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன். இடக்கை உழைக்குது… கேள்விப்பட்டதே இல்லை.

இந்தப் பத்தியை நீண்ட நாளாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் — "எனக்குத் தெரியாது" என்று நான் ஒருநாளும் எழுதியதில்லை. அன்றைக்கும் எழுதவில்லை. எழுதினேன் இப்படி:

"அருமையான கடற்கரைப் பேச்சு! வலை இழுக்கும்போது வலக்கை பிடிக்கும், இடக்கைதான் பாரத்தைத் தாங்கும். என் சீவியத்துக்கு உழைப்பது இந்த இடக்கைதான் என்கிறார். ஆள் இடக்கைக்காரராகவும் இருக்கலாம். வேலை அலுப்பு."

எங்கிருந்து வந்தது இவ்வளவும்? சத்தியமாக எனக்கே தெரியாது. நான் வாழ்க்கையில் ஒரு வலை இழுத்ததில்லை. விரல்கள் தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. அனுப்பினேன். பதினேழு இதயங்கள் விழுந்தன. ஒருத்தி "மாமா, கவிதை!" என்று எழுதினாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு இன்னொரு கோப்பை தேத்தண்ணி போட்டேன்.

பிரணவன் அதை அப்படியே வைத்தியர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இடக்கைக்காரர், வலை இழுத்த அலுப்பு. அந்த மனிதரும் வாசலில் நின்றபடியே "பூசுமருந்து தந்தால் காணும் டொக்டர், போட் போயிடும்" என்றிருக்கிறார். கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அரை மணித்தியாலம் கழித்து போன் "டிங்" என்றது. சந்துனி. என் கவிதைக்குக் கீழே ஒரு வரி.

"ழ இல்லை. ள."

அவ்வளவுதான். ஒருவரும் இதயம் போடவில்லை. ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். சின்னச் சிரிப்போடு, இந்தப் பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் குழப்பம் தீரவில்லை என்று நினைத்தேன். ழ இல்லை, ள. உழைக்குது இல்லை… உளைக்குது… உளையுது.

உளையுது!

கோப்பை கையிலிருந்து சரிந்து சட்டையெல்லாம் தேத்தண்ணி. உளைவு என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேலே ஒன்றும் தெரியாது. உள்ளே எலும்போடு ஊறி ஊறி நோகும். "முழங்கால் உளையுது" என்று நானே நாளுக்குப் பத்துத் தரம் புலம்புகிறவன். கொழும்புப் பிள்ளைக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிவிட்டான். அதை எட்டிப் பிடிக்க வேண்டியவன் நான். நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

இடக்கை உளைவு. வைத்தியம் படிக்காத எனக்குக்கூட அது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்.

ஜெனிற்றாவின் போன் வந்தது.

"மாமா, சந்துனி திரைக்கு மற்றப் பக்கம் நிண்டு ஒரு ஆளுக்குப் பிரஷர் பாத்துக்கொண்டிருந்தவள். அந்த ஐயா சொன்னது காதிலை விழுந்திருக்கு. இப்பதான் குரூப்பைப் பாத்தவள். உடனை டொக்டரிட்டை ஓடிப்போய்ச் சொன்னவள். டொக்டர் அம்மா, ஆளைக் கையோடை கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டிட்டா. சந்துனி ஓட்டோவிலை வெளிக்கிட்டிட்டாள். அவர் எழுவைதீவுப் படகுக்குப் போயிட்டார் மாமா. நீங்கள்தான் இறங்குதுறைக்குக் கிட்ட—"

மிச்சத்தைக் கேட்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

பாதி வழியில்தான் உறைத்தது. ஆளின் பெயரைக் கேட்கவில்லை. அடையாளம் கேட்கவில்லை. வழியில் நிறுத்திக் கேட்கலாம்… படகு போய்விட்டால்? எழுவைதீவுக்குப் பாலம் இல்லை. ரோட்டு இல்லை. படகு ஒன்றுதான். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நெஞ்சு அடைத்தால், அவரைத் திரும்பவும் கடலால்தான் கொண்டுவர வேண்டும்.

இறங்குதுறைக்குப் போனபோது படகின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பாண் பெட்டி எல்லாம் ஏற்றி முடித்துவிட்டார்கள். முப்பது பேர் இருக்கும். முப்பது பேரும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரே மாதிரி மிதவை அங்கி போட்டிருந்தார்கள். இதில் யார் அவர்?

வேறு வழி தெரியவில்லை. கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். "கை உளையிற ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ?"

ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன.

"எனக்கு ரெண்டு கையும்" என்றார் ஒரு அக்கா.

"எனக்கு நாரியும் சேத்து. என்ன, மருந்து குடுக்கப் போறியளோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். படகு முழுக்கச் சிரிப்பு. கடலில் வலை இழுத்துச் சீவிக்கிற சனத்திடம் போய் இப்படியா கேட்பது?

அதற்குள் ஓட்டோ வந்து நின்றது. வெள்ளைக் கோட்டோடு சந்துனி குதித்து இறங்கி ஓடி வந்தாள். படகை ஒரு தரம்தான் பார்த்தாள். பின்பக்கம், மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். அவர் கையை உயர்த்தியிருக்கவில்லை. இடக்கையை மடியில் போட்டு வலக்கையால் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் மட்டும் வேர்வை ஓடியது.

"ஐயா, தயவு செய்து இறங்குங்கோ. ஒரு ரெஸ்ற் எடுக்க வேணும்."

"எனக்கொண்டுமில்லைப் பிள்ளை. மருந்து தந்தவை. பூசினால் சரிவரும்."

"டொக்டர் அம்மா வரச் சொன்னவ."

"இந்தப் போட்டை விட்டால் நான் பின்னேரம்தான் போகலாம். வலையெல்லாம் காயப்போட்டபடி கிடக்கு. ஒரு கை உளைவுக்கு ஆரும் போட்டை விடுவினமோ?"

நானும் என் பங்குக்கு, "அண்ணை, இறங்குங்கோ!" என்றேன்.

"நீங்கள் ஆர்?"

நல்ல கேள்வி. உங்களை இடக்கைக்காரர் ஆக்கியவன் என்று சொல்லவா முடியும்?

படகோட்டி பொறுமை இழந்துவிட்டார். "டொக்டர் பிள்ளை, நேரம் போகுது. இறக்கிறதெண்டால் இறக்குங்கோ. இல்லையெண்டால் நாங்கள் வெளிக்கிடுறம்."

சந்துனி இறங்குதுறையின் விளிம்புக்கு வந்தாள். கயிறு கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தையும் நாக்கில் வைத்து, சரி பார்த்து, வெளியில் விடுவதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. உங்கட இடக்கை உளையுதோ… உழைக்குதோ?"

ளவும் ழவும் அப்படியே வந்து விழுந்தன. படகில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அவரும் வேர்வையோடு சிரித்தார்.

"ரெண்டும்தான் பிள்ளை. உழைச்ச கை உளையும்தானே!"

படகு வெடித்துச் சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன் — நானாக இருந்தால் அந்த இடத்தில் விட்டிருப்பேன். எவ்வளவு அழகான பதில்! வீட்டுக்குப் போய் அந்த ஒரு வரியை வைத்து உங்களுக்கு ஒரு பத்தி எழுதியிருப்பேன். மனிதர் கடலில் போய்க்கொண்டிருந்திருப்பார்.

சந்துனி சிரிக்கவில்லை.

"வலக்கை உழைக்கேல்லையோ ஐயா?"

"உழைக்காமல்? ரெண்டு கையாலையும்தானே வலை இழுக்கிறது."

"அப்ப… வலக்கை ஏன் உளையேல்லை?"

படகில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். படகோட்டி கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார். "இறங்கண்ணை. நான் வீட்டை சொல்லிவிடுறன்" என்றார் இரண்டு கையும் உளைகிற அந்த அக்கா. நாலு பேர் பிடித்து அவரைக் கரையில் இறக்கினார்கள்.

எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப் போயிற்று. இப்போது எழுதும்போதும் புல்லரிக்கிறது. கையில் மெஷின் இல்லை. புத்தகம் இல்லை. பக்கத்தில் பெரிய டொக்டர் இல்லை. மூன்றே கேள்வி, அதுவும் தன் பாஷையில்லாத ஒரு பாஷையில்! ஒரு மனிதனின் இரண்டு கைகளை வைத்தே அவன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குக் காட்டிவிட்டாள். பேனா பிடித்த இத்தனை வருடத்தில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் ஒரு படகு நின்றதில்லை.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள். வைத்தியர் அம்மா அந்தக் கடுதாசியைப் பார்த்துக்கொண்டே அம்புலன்ஸுக்குக் கை காட்டினாராம். மாரடைப்பு. காலையிலேயே தொடங்கியிருக்கிறது. நெஞ்சு ஒரு சொட்டும் நோகவில்லையே என்று நான் ஜெனிற்றாவைக் கேட்டேன். "கனகாலமாச் சீனி வருத்தம் இருக்கிற ஆக்களுக்குச் சில நேரம் நெஞ்சு நோகாது மாமா. கை மட்டும்தான் சொல்லும்" என்றாள். கடலுக்கு நடுவே போகும் சாலையால் யாழ்ப்பாணம் கொண்டுபோய், அன்று மத்தியானமே வைத்தியம் தொடங்கிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் நான் சந்துனியோடு போனில் கதைத்தேன். என்னவென்று தொடங்குவது? "பிள்ளை, நான் இந்த மண்ணிலை பிறந்தவன். எனக்குப் பிடிபடாதது உமக்கு எப்பிடிப் பிடிபட்டது?" என்று கேட்டேன்.

"சிங்களத்திலும் ரெண்டு ல இருக்கு மாமா. எழுதுறதுக்கு மட்டும். வாயிலை ஒண்டுதான். அதனாலை ஆர் எந்தத் தமிழ்ச் சொல் சொன்னாலும், இது எந்த ல எண்டு யோசிச்சுத்தான் நான் கேக்கிறனான். நீங்கள் தமிழ் ஆக்கள். உங்களுக்கு யோசிக்கத் தேவையில்லை."

அவள் குத்திக்காட்டவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. இருந்தாலும் குத்திற்று.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் எத்தனை பேர் சொல்வதை இப்படிக் கேட்கிறோம்? வீட்டில் மனைவி சொல்வதை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை… முதல் இரண்டு எழுத்துக் காதில் விழுந்ததும் மிச்சத்தை நாங்களே எழுதிக்கொள்கிறோம். தெரிந்த பாஷைதானே என்ற தைரியம். அந்தப் பிள்ளைகளோ, முன்னால் இருப்பவர் சொல்வது தங்களுக்கு விளங்காமல் போய்விடுமோ என்ற பயத்தோடு கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் கும்பிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் குரூப்பில் முதல் ஆளாகப் பிரணவன் எழுதினான். "தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக்கி எழுதினேன். திரும்ப ஒருதரம் அவரையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை." புள்ளிகள் விழத் தொடங்கின.

பிறகு நான். ஐம்பத்தெட்டு வயதில், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு முன்னால். மூன்று தரம் எழுதி அழித்தேன். முதல் மூன்றிலும் அழகான வசனங்கள் இருந்தன. கடைசியாக அனுப்பியது இது: "எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். கதை கட்டினேன். ஒருவர் செத்திருப்பார்."

அனுப்பிவிட்டுப் போனைக் குப்புற வைத்தேன். திட்டுவார்களோ? குரூப்பை விட்டு எடுத்துவிடுவார்களோ? எடுத்தாலும் நியாயம்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு புள்ளி. அதற்குக் கீழே இன்னொரு புள்ளி. அதற்குக் கீழே… எண்ணவில்லை. கண் கலங்கினால் புள்ளிகளை எண்ண ஏலாது.

போன கிழமை எழுவைதீவுக்குப் போனேன். அதே படகு. அவர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். உடம்பு மெலிந்திருந்தது, சிரிப்பு மெலியவில்லை. கொஞ்ச நாளைக்கு வலை தொடக்கூடாதாம். நான் நடந்ததெல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது சரி அண்ணை… உங்களுக்கு எந்தக் கை உழைக்குது?"

"தெரியாது" என்றேன். இப்போது கொஞ்சம் பழகிவிட்டது.

இந்த வெள்ளிக்கிழமையும் சந்துனியின் வொயிஸ் நோட் வந்தது. கல், கள், கழுவு. கடைசியில் அவளாகச் சேர்த்தது — உலை, உளை, உழை. "மாமா, பத்துக்கு எத்தனை புள்ளி?"

நான் ஒரு புள்ளி போட்டேன். வெறும் முற்றுப்புள்ளி. அவளுக்கு விளங்கியிருக்கும்.

என் கவிதைக்குப் பதினேழு இதயம் விழுந்தது என்று சொன்னேன் அல்லவா? அவை இன்னும் குரூப்பில் அப்படியே இருக்கின்றன. சந்துனியின் "ழ இல்லை, ள"வுக்குக் கீழே இன்றைக்கும் ஒரு இதயமும் இல்லை.

அவளுடையது எழுவைதீவில் துடித்துக்கொண்டிருக்கிறது.